மூன்றாவது சுடர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதியாயிற்று. அங்கே நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். சௌக்கியத்துக்கு உன் பக்கம் என்றைக்கும் குறை இருந்ததில்லை.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். ஐம்பது வயதுக்கு மேலும் அதையே செய்துகொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

ஜன்னல்களைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரைகள் வந்து சேர்ந்தன. கல்லூரியில் காலமெல்லாம் வெப்பவியல் நடத்துகிறவனுக்கு, சூடு வெளியே போனால் வீடு குளிரும் என்று விளக்கும் கட்டுரையை அனுப்ப உன்னால்தான் முடியும். அம்மாவின் இருமலைப் பார்த்த டாக்டர், "மருந்தை மாத்திப் பிரயோஜனம் இல்ல சார், ரூமை மாத்துங்க" என்றார். அதை உன்னிடம் சொன்னது என் தவறு. உடனே பிடித்துக்கொண்டாய். இந்தக் குளிர்காலத்துக்குள் அறை சரியாகாவிட்டால் அம்மாவை உன் ஊருக்கே கூட்டிப்போய்விடுவதாகச் சொல்கிறாய்.

உன் சட்டை எனக்கு வந்தது. உன் சைக்கிள் வந்தது. உன் புத்தகங்கள், ஓரத்தில் நீ வரைந்த மீசைகளோடு வந்தன. நீ கிளம்பிப் போன பிறகு அம்மாவும் அப்படித்தான் எனக்கு வந்தாள். மற்றவற்றை வேண்டுமானால் திருப்பிக் கேள். அம்மாவைத் தருவதாக இல்லை. அதனால்தான் இந்த ஜன்னல் வேலையில் இறங்கினேன். அறை சூடானால் அம்மா என்னோடு இருப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

பழைய ஜன்னல்களின் நிலைமை உனக்குத் தெரியாது. மரம் ஊதி, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் போகும். அம்மா அதில் பழைய துணியைச் சுருட்டிச் செருகுவாள், மறுநாள் பார்த்தால் துணி தரையில் கிடக்கும். காலையில் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழிந்து, சுவரில் கரும்பூஞ்சை பிடித்துவிட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் நல்ல பருமன், வாயும் அதே பருமன். "ஜன்னல்ங்கறது என்ன சார்? சுவத்துல நாமளே காசு குடுத்துப் போட்ட ஓட்டை. அதுக்கு எந்தச் சட்டை போடறோம்ங்கறதுதான் விஷயம்" என்று ஆரம்பித்தார். நீ சொன்ன அலுமினியச் சட்டத்தைக் காட்டினார், வேண்டாம் என்றேன். நீ சொன்னதாலா என்று கேட்காதே. அலுமினியம் சூட்டைக் கடத்திவிடும் என்பதாலும்தான். பிளாஸ்டிக் சட்டம், இரட்டைக் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே அடைத்த வாயு என்று முடிவு செய்தேன். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உலோகப் பூச்சு உண்டு. அறையின் சூட்டை அது அறைக்கே திருப்பி அனுப்பும். அம்மாவின் அறை மேற்கே பார்த்தது, கோடையில் சாயங்கால வெயிலையும் தடுக்க வேண்டும். அதனால் பூச்சு வெளிக் கண்ணாடியின் உட்பக்கம் இருக்கட்டும் என்றேன்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறதா இல்லையா என்று எப்படி நம்புவது? கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு லைட்டரைப் பற்றவைத்துக் கண்ணாடியருகே பிடித்தார். உள்ளே நான்கு சுடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. இரண்டு கண்ணாடி, ஆளுக்கு இரண்டு முகம், ஆக நான்கு பிரதிபலிப்பு. மூன்று சுடர் மஞ்சள். நம் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது மட்டும் சிவப்பு படர்ந்து தனியாகத் தெரிந்தது. "பூச்சு எங்க இருக்கோ அந்தச் சுடர் மட்டும் நிறம் மாறும் சார். அது பொய் சொல்லாது. இதை மாட்டிட்டா உள்ள இருக்கிறது எதுவும் வெளிய போகாது" என்றார். இயற்பியல் சரிதான். நான் தலையாட்டினேன்.

ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் தகராறு. அம்மாவின் அறைக்குத் திறக்கவே முடியாத ஜன்னல் வேண்டும் என்றேன். சுற்றிலும் அடைத்துவிட்டால் கசிவு மிகக் குறைவு, அது பாடநூலிலேயே இருக்கிறது. "படுக்கிற ரூம்ல ஒண்ணாவது திறக்கணும் சார், காத்துக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார். கதவுக்கு மேலே துவாரம் இருக்கிறது, போதும் என்றேன். "நாளைக்கு என்னைத் திட்டக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே அளவெடுத்தார்.

பாடநூல் என்பது அவருக்காக நான் சொன்ன காரணம். உனக்கு வேறு காரணம் தெரியும். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் நீ சினிமாவுக்கு இறங்கிப் போனது அந்த ஜன்னல் வழியாகத்தான். நீ திரும்பி வந்து தட்டினால் அப்பா காதில் விழும் என்று, நம் தங்கை குட்டி அதைத் திறந்து வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு, அந்தப் பனியில் உனக்காக நின்றாள். நீ படம் முடிந்தும் நண்பர்களோடு பேசிவிட்டு, அவள் நினைவிழந்து சரிந்த பிறகுதான் வந்தாய். அந்த வாரமே அவள் போய்விட்டாள். ஒன்பது வயது. அந்த ஜன்னலை இனி யாரும் யாருக்காகவும் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் வீடு, என் ஜன்னல்.

வேலை முடிந்ததும் எழுதுகிறேன். அம்மாவை அழைத்துப்போகும் யோசனையை இப்போதே ஆறப்போடு.

உன் தம்பி

*

அன்புள்ள அண்ணா,

உன் பதில் வந்தது. குட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எதிர்பார்த்ததுதான்.

ஜன்னல்கள் மாட்டியாகிவிட்டன. அந்த நாள் முழுவதும் நான் பக்கத்திலேயே நின்றேன். மாட்டி முடித்ததும் லைட்டரைப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். அம்மாவின் அறையில் மூன்றாவது சுடர் சிவப்பு. சரியாக இருந்தது.

தெருச் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. பஸ் போகிறது, சத்தமில்லை. நாய் குரைக்கிறது, வாய் மட்டும் அசைகிறது. ஹீட்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அம்மாவின் இருமல் இறங்கிவிட்டது. இதை நீ உன் கட்டுரைகளோடு சேர்த்து வைத்துக்கொள்.

ஒரே ஒரு தொந்தரவு. அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டாள். முன்பு டிவியைப் பார்த்து உட்காருவாள், இப்போது ஜன்னலைப் பார்த்து. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வெளியே எதுவும் தெரியாது, கண்ணாடியில் அறைதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே தலை வாரிக்கொள்கிறாள். வேலைக்கு வரும் அக்காவுக்கு இது பெரிய கேலி. "உங்கம்மா ஜன்னலுக்குத்தான் சார் அலங்காரம் பண்ணிக்கிறாங்க. நான் போனா ஏன் வந்தேன்னு பாக்கிறாங்க" என்று சிரித்தாள்.

ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "சின்னவனே, நான் தலை வாருறேன் பாரு. மூணு பேர் வாருறாங்க. ஒருத்தி சும்மா நிக்கிறா" என்றாள். நான்கு பிரதிபலிப்பு ஏன் வருகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "நீ பாடம் நல்லாதான் நடத்துறே. ஆனா அவ வாரலையே" என்றாள்.

வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் போன வாரம் அக்கா வாளியை வெளியே வைத்துவிட்டு அந்த அறைக் கண்ணாடியை இனி துடைக்கமாட்டேன் என்றாள். சிரிப்பில்லை. "என் கை போற இடத்துக்கெல்லாம் கண்ணாடியிலயும் கை போகுது. அது கண்ணாடி, விடுங்க. ஒரு கை மட்டும் கொஞ்சம் லேட்டா வருது சார். நான் நிறுத்தின பிறகும் துடைக்குது." புகைபிடிக்கிற பழக்கம் இல்லாத நான் ஒரு லைட்டர் வாங்கிவந்து பிடித்துப் பார்த்தேன். சிவப்புச் சுடர் இரண்டாவது இடத்தில் இருந்தது.

கடைக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள், வெளிப்பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டீர்கள் என்றேன். அப்படி மாட்டினால் மூன்றாவது இரண்டாவதாகும். அது ஒன்றுதான் அறிவுக்கு எட்டும் விளக்கம். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்கதான சார் பக்கத்துல நின்னு, இன்னொரு தடவை பிடி, இன்னொரு தடவை பிடின்னு உயிரை எடுத்தீங்க? மூணாவதுல இருந்துச்சா இல்லையா?" இருந்தது. சுற்றிலும் பூசிய பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். யாரும் தொட்ட அடையாளமே இல்லை. அன்று பூசியபடியே, அவருடைய ஆளின் கட்டைவிரல் தடத்தோடு இருந்தது. புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

நேற்று மறுபடி பிடித்தேன். சிவப்பு முதல் சுடர் அண்ணா. முதல் சுடர் என்றால் அறையைப் பார்த்த முகம். நாம் விரல் வைத்தால் படும் இடம். அவர் விற்கிற எந்தக் கண்ணாடியிலும் பூச்சை அங்கே வைப்பதில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. கண்ணாடியின் குளிர்ச்சி இல்லை அது. வெளியில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தவர் கையைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அம்மா பின்னாலிருந்து, "அதட்டாதேடா, பயந்துக்குவா" என்றாள். நான் அதட்டவே இல்லை, யாரை என்று கேட்டேன். "உனக்குத் தெரியாத மாதிரி கேக்காதே. முன்னெல்லாம் இடுக்கு வழியா வருவா. கொஞ்ச நேரம் இருப்பா, போயிடுவா. துணியை யாரு தள்ளிவிட்டான்னு நினைச்சே? இப்ப ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாளாம். போக வழி இல்ல, அதான் உள்ள வரா" என்றாள். வானிலை சொல்வதைப் போல் சொன்னாள்.

இதையெல்லாம் உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ அங்கே அண்ணியிடம் படித்துக்காட்டிச் சிரிப்பாய், தனியாக இருந்து இருந்து சின்னவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்பாய். சொல்லிக்கொள். ஒன்று மட்டும் கேட்கிறேன். பெரியவன் வரப்போகிறான் என்று அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனில் அப்படி ஏதாவது சொன்னாயா? அப்பாவின் காரியத்துக்கே வராதவன் நீ. வராத ஆள் வருகிறேன் என்று சொல்லி அவள் மனதைக் கலைக்காதே.

உன் தம்பி

*

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். நீ கிளம்புவதற்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

நீ நிஜமாகவே டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அவளுடைய அறையிலேயே படுத்துக்கொள்வதாகவும் சொன்னாயாம். அம்மாவின் முகத்தை நீ பார்க்க வேண்டும். இருமல் அறவே இல்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டு, "என்ன சார் பண்ணீங்க?" என்றார். ஜன்னல் மாற்றினேன் என்றேன். உன்னோடு போட்ட போட்டியில் நான் ஜெயித்துவிட்டேன். இதை ஒரு மாதம் முன்பு எழுதியிருந்தால் எத்தனை சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

புதுக் கண்ணாடி வந்ததும் கடைக்காரர் வந்தார். பழையதைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லைட்டரைப் பற்றவைத்தார். நான்கு சுடர்கள். நான்கும் மஞ்சள். சிவப்பே இல்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். "உரிஞ்சிருக்கும்" என்றேன். "அது உரியாது சார். உரிஞ்சாலும் திட்டுத்திட்டாத் தெரியும். இது வெறும் கண்ணாடி. நான் வெறும் கண்ணாடி மாட்டவே இல்ல" என்றார்.

கதவு சாத்தியிருந்தது. மேலே இருந்த துவாரத்தையும் அம்மாவே அட்டை வைத்து அடைத்திருந்தாள். காற்று அசைய வழியே இல்லாத அறை. அவர் கையிலிருந்த சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, யாரோ அதைக் கடந்து போனதைப் போல. அதே நேரம் அம்மா காலை மடக்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளை குறுக்கே ஓடும்போது நாம் மடக்கிக்கொள்வோமே, அப்படி. அவள் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. கட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைக்காரர் புதுக் கண்ணாடியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் போன் செய்து, திறக்கிற ஜன்னலாகவே போட்டுத்தருகிறேன் சார், ஆளை அனுப்புகிறேன், என்னை மட்டும் கூப்பிடாதீர்கள் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு? அதான் உள்ள வந்தாச்சே" என்றாள்.

இப்போது ஹீட்டரை முழுவதும் ஏற்றினாலும் கட்டிலின் சுவரோரம் மட்டும் சூடேறுவதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் நடத்திய எந்தப் பாடத்திலும் இல்லாத எண்ணைக் காட்டுகிறது. அம்மா அந்த இடத்தில் ஒரு போர்வையை மடித்து வைத்திருக்கிறாள். காலையில் அது விரிந்திருக்கிறது. அக்கா வேலைக்கு வருவதில்லை.

நீ வந்து படுக்கப்போவதாகச் சொன்னது அந்தக் கட்டிலில்.

அம்மாவை உட்கார வைத்து, குட்டிக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டேன். ஐம்பது வயதுக்காரன், பட்டம் வாங்கியவன், கேட்டேன். அம்மா சொன்னாள்: "அவளுக்கு என்ன வேணும்? பெரியவன் வரணும். அவனுக்குத் திறந்துவிடத்தானே நின்னா? அவன் வந்து சேரவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கா, பாவம். வந்தா அவன்கூடப் போயிடுவாளாம்." எங்கே போவாள் என்றேன். "அவன்கூட" என்றாள், எனக்கு மூளை மந்தம் என்பதைப் போல.

உனக்குத் தெரியுமா, அவள் உன்னைத் தொடர வேண்டும் என்று நான் நினைக்காத நாள் கிடையாது. உன் கல்யாணத்தில், நீ புதுவீடு கட்டிப் படம் அனுப்பியபோது, எங்கேயாவது ஒரு கண்ணாடியில் உனக்குப் பின்னால் அவள் நிற்க வேண்டும், நீ திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். நான் ஒருவன் மட்டும் ஏன் அந்த அறையைத் தினமும் கடந்து போக வேண்டும்? இப்போது அம்மா அதையே சொல்கிறாள், நீயும் டிக்கெட்டோடு இருக்கிறாய். நான் சும்மா இருந்தாலே போதும். இரண்டு நாள் சும்மா இருந்தும் பார்த்தேன். முடியவில்லை.

வராதே.

அம்மாவை நானே உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன். அவளாகக் கிளம்பமாட்டாள். உனக்கு உடம்பு சரியில்லை, அவளைப் பார்க்க வேண்டும் என்று போனில் சொல். பொய் உனக்கு நன்றாக வரும், ஒருமுறை எனக்காகச் சொல். பயணத்தை அவள் நெஞ்சு இப்போது தாங்கும். இனி அவள் உன்னோடே இருக்கட்டும், நான் கேட்கமாட்டேன். அவளுக்கு ராத்திரியில் முழங்கால் வலிக்கும், சொல்லமாட்டாள்; நீங்களாகத் தேய்த்துவிட வேண்டும். டீயில் சர்க்கரை கேட்டால் அரை ஸ்பூன்தான், அண்ணியிடம் சொல்லிவை.

நான் தங்கமாட்டேன். அம்மாவை விட்டதும் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன். வீட்டில் ஆள் இல்லாமல் குட்டி இருந்ததில்லை. அவளுக்கு யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், உனக்குத் தெரியும். நீ வந்து சேர்ந்துவிட்டாய், பத்திரமாக இருக்கிறாய் என்று நான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்க என்றைக்காவது நம்புவாள்.

அம்மா அழுதாலும் வராதே. நானே போனில் மாற்றிப் பேசினாலும் வராதே. இத்தனை வருடம் வராமல் இருந்தாய், அதற்காக உன்னை நான் திட்டாத நாளில்லை. இப்போது உன்னிடம் அதைத்தான் கேட்கிறேன் அண்ணா. இன்னும் கொஞ்ச காலம், நான் இருக்கும்வரை, வராமல் இரு.

உன் தம்பி